வீடியோ கேம் உறுதிமொழிப் படிவத்தில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை

எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் கழக நிர்வாகிகளுக்கும், பிள்ளைகள் வீடியோ கேமே ஆடக்கூடாது என்று உறுதிமொழிப் படிவத்தோடு வந்த சுற்றறிக்கையைப் பார்த்ததும் வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கைகூப்பிய பெற்றோர்களுக்கும் வணக்கம்.

ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா நான். பெயர் போடவில்லை. போட்டால் திங்கட்கிழமை காலையில் என்னை யாரும் எதுவும் கேட்க மாட்டீர்கள், வகுப்பில் என் மகளைத்தான் எழுப்பி நிற்க வைப்பீர்கள். பள்ளியின் பெயரும் வேண்டாம். இதே மாதிரிப் படிவம் மதுரையில் வேறு சில பள்ளிகளிலும் சுற்றுவதாகத் தோழிகள் சொல்கிறார்கள், ஆகவே யாருக்குப் பொருந்துகிறதோ அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

படிவத்தில் இருப்பது ஒரே வாக்கியம். 'என் மகன் வீட்டிலோ வெளியிலோ எந்தவிதமான வீடியோ கேமும் விளையாடமாட்டான் என்றும், மீறினால் பள்ளி எடுக்கும் நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்றும் உறுதியளிக்கிறேன்.' கீழே தந்தை அல்லது காப்பாளர் கையொப்பம். மகள்கள் விளையாடுவார்கள் என்பதே உங்களுக்குத் தோன்றவில்லை, அம்மாக்கள் காப்பாளர் கட்டத்துக்குள் எங்கோ இருக்கிறோம் போல. சரி, அது போகட்டும், டைப் அடித்தவர் அவசரத்தில் இருந்திருப்பார். எனக்கு இடிப்பது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் போட்டுக் கட்டியிருக்கிறீர்களே, அதுதான்.

ஏனென்றால் நானே விளையாடுகிறேன். வயது 42. ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன், ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதி நெருங்கினால் வீடு வந்து சேர எட்டரை ஒன்பது ஆகிவிடும். சமைத்து, பாத்திரம் கழுவி, மறுநாளுக்கு மாவு எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் சோபாவில் காலை நீட்டி முக்கால் மணி நேரம் விளையாடுவேன். பெரும்பாலும் ஸ்டார்டியூ வேலி. தாத்தா விட்டுப்போன தரிசு நிலத்தைத் திருத்தி, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, கோழி மாடு வளர்க்கும் ஆட்டம். எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நான்கு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாவற்றையும் தானே செய்து 2016-இல் வெளியிட்டது. ஒரு சென்ட் நிலம் சொந்தமாக இல்லாத எனக்கு அதில் பூசணிக்காய் பறிப்பதில் ஒரு திருப்தி. ஒருமுறை காசு கொடுத்து வாங்கினேன், அதற்குப் பிறகு அது என்னிடம் ஒரு பைசா கேட்டதில்லை.

இதை அலுவலகத்தில் சொன்னால் சிரிக்கிறார்கள். 'இந்த வயசுல கேமா மேடம்?' அதே வயதில், அதே இரவு நேரத்தில், படுக்கையில் புரண்டபடி ஒன்றரை மணி நேரம் ரீல்ஸ் தள்ளுகிறவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. அவ்வளவு ஏன், எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மண்டபத்து மாடியில் ஜமக்காளத்தை விரித்துப் பெரியவர்கள் சீட்டுக் கச்சேரி வைப்பார்கள், பாயிண்டுக்கு இவ்வளவு என்று காசு வைத்து, விடிய விடிய, நடுநடுவே காபி மேலே போய்க்கொண்டே இருக்கும், மாப்பிள்ளையின் சித்தப்பா தாலி கட்டும் நேரத்துக்குக் கண் சிவந்து போய் வந்து அட்சதை போடுவார். அதற்கு எந்தச் சங்கமும் சுற்றறிக்கை விட்டு நான் பார்த்ததில்லை. நம் கழகத்தின் மூத்த உறுப்பினர்கள் சிலரை அப்படிப்பட்ட ஜமக்காளத்தில் நான் பார்த்திருக்கிறேன், பெயர் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம்.

நான் இதை எழுதப் போகிறேன் என்று தெரிந்ததும் குழுவில் கைகூப்பாத இரண்டு மூன்று பேர் தனியாகக் கூப்பிட்டு யோசனை சொன்னார்கள். கேம் ஆடினால் மூளை சுறுசுறுப்பாகும், கண்ணும் கையும் ஒத்துழைக்கும், ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈ-ஸ்போர்ட்ஸுக்கு, அதாவது வீடியோ கேம் போட்டிக்கு, பதக்கமே கொடுத்தார்கள், அதையெல்லாம் போடுங்கள் மேடம் என்றார்கள். பதக்கம் கொடுத்தது உண்மை. ஆனால் நான் அந்த வழியில் வாதாடப் போவதில்லை. நம் பள்ளியிலிருந்து எத்தனை பேர் ஆசிய விளையாட்டுக்குப் போகப் போகிறார்கள்? எதைச் செய்தாலும் அதனால் என்ன லாபம் என்று பிள்ளையிடம் கணக்குக் கேட்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே அளவுக்கு மேல் இருக்கிறது. பாட்டு கற்றுக்கொண்டால் கிரேஸ் மார்க், செஸ் ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டா. பிள்ளை விளையாடுவது பிடித்திருக்கிறது என்பதற்காக. நானும் அப்படித்தான். அது போதாதென்றால் பாண்டியும் கண்ணாமூச்சியும்கூட ரெஸ்யூமேயில் எழுத முடியாத வேலைகள்தான்.

என் மகளுக்கு மைன்கிராப்ட். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன், அந்த உலகம் முழுக்கச் சதுரக் கட்டிகளால் ஆனது, ஒரு கட்டி ஒரு மீட்டர், வெட்டி எடுக்கலாம், அடுக்கலாம். போன கோடை விடுமுறையில் அவளுக்கு மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தைக் கட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. அதுதான் இருப்பதிலேயே உயரம், சுமார் 170 அடி, அதாவது 52 கட்டி. ஒன்பது நிலை. மேலே போகப் போக எப்படிக் குறுகுகிறது என்பது அவளுக்குப் பிடிபடவே இல்லை. முதலில் கட்டியது படிக்கட்டு மாதிரி வந்தது, இரண்டாவது ஒல்லியாக சிமினி மாதிரி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெற்குச் சித்திரை வீதியில் போய் நின்று, செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, தலையை அண்ணாந்து ஒவ்வொரு நிலையாக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பூக்காரம்மா என்ன வேண்டுதலோ என்று கேட்டார். மணற்கல் நிறக் கட்டியில் ஒருவழியாகக் கட்டி முடித்தாள். பொம்மைகளுக்குப் பதிலாகக் கலர் கலராகக் கம்பளிக் கட்டிகள். பார்த்தால் நம் கோபுரம்தான் என்று தெரிந்தது.

இந்த இடத்தில் நீங்கள் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். கணிதம், கட்டடக் கலை, பாரம்பரியம். கொஞ்சம் பொறுங்கள். அடுத்த வாரம் அவளும் அவள் தோழியும் அந்தக் கோபுரத்தின் கீழ் நிலை முதல் உச்சி வரை டி.என்.டி. என்ற வெடிக் கட்டிகளை அடைத்துப் பற்றவைத்தார்கள். முழுக் கோபுரமும் தூள். இருவரும் தரையில் உருண்டு சிரித்தார்கள், என் மாமியார் ஐயோ அபச்சாரம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார், நான் சமையலறையில் போய்ச் சிரித்தேன். அதில் எந்தப் பயனும் இல்லை. கட்டியதைவிட உடைத்ததுதான் அவளுக்கு இன்றுவரை ஞாபகம்.

இப்போது உங்கள் சுற்றறிக்கைக்கு வருகிறேன். முதல் பத்தியில், வீடியோ கேம் ஒரு நோய் என்று உலக சுகாதார நிறுவனமே அறிவித்துவிட்டது என்று போட்டிருக்கிறீர்கள். அப்படி அறிவிக்கவில்லை. 2019 மே மாதம் நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பை ஏற்றுக்கொண்டபோது கேமிங் டிஸார்டர் என்ற ஒன்றும் அதில் இருந்தது, 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. எது நோய் என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டின்மேல் தன் கட்டுப்பாடு போய்விட வேண்டும், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு அதற்கே முதலிடம் கொடுக்க வேண்டும், கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர வேண்டும், படிப்போ வேலையோ குடும்பமோ கெட்டுப்போகும் அளவுக்கு இருக்க வேண்டும், அதுவும் பொதுவாக 12 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் இந்த மாதிரிப் பிரச்சினைகளுக்கென்றே 2014 முதல் ஷட் கிளினிக் என்று தனிப் பிரிவு நடத்துகிறார்கள். நம் பள்ளியிலேயே ஒருவன் அந்த நிலையில் இருக்கலாம். அவனுக்குத் தேவை மருத்துவர். ஆனால் உங்கள் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அப்பா அதை உங்களிடம் வந்து சொல்வாரா? நடவடிக்கைக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கொடுத்த பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? உதவி அதிகமாகத் தேவைப்படும் வீட்டின் கதவைத்தான் அந்த ஒரு வரி முதலில் சாத்துகிறது. இதை யோசித்தீர்களா என்று தெரியவில்லை, நான் படித்தவுடன் எனக்கு முதலில் கோபம் வந்தது இதற்குத்தான்.

இரண்டாம் பத்தியில் தமிழ்நாட்டில் ஆன்லைன் விளையாட்டால் நடந்த தற்கொலைகள். அதைப் படித்துவிட்டு ஒரு பாட்டி அழுதபடி குழுவில் குரல் செய்தியே போட்டிருந்தார். அந்தச் சாவுகள் நடந்தவைதான், நானும் ஒவ்வொன்றாகப் படித்துப் பதறியிருக்கிறேன். ஆனால் செய்திகளில் வந்தவர்களை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் காசு வைத்து ரம்மி ஆடிய பெரியவர்கள். சம்பளக்காரர்கள், குடும்பஸ்தர்கள், கடன் வாங்கி ஆடி விட்டதைப் பிடிக்க மறுபடி கடன் வாங்கியவர்கள். அதனால்தான் 2022-இல் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு போட்டது. அதற்குப் பிறகு வந்த ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்பினார், சட்டசபை மறுபடி நிறைவேற்றியது, 2023 ஏப்ரலில் சட்டமானது. அந்த நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மிக்கும் போக்கருக்கும் அது செல்லாது என்றது. 2025 பிப்ரவரியில் புது விதிமுறைகள் வந்தன: 18 வயதுக்குக் கீழே கூடாது, ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. ஆகஸ்ட் மாதம் ஒன்றிய அரசே காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் மொத்தத்தையும் தடை செய்துவிட்டது.

இவ்வளவு இழுபறியும் பணத்தைப் பற்றியது. அந்த ஒன்றியச் சட்டம் மக்களவையில் ஒரு நாள், மாநிலங்களவையில் மறுநாள் என்று அவசர அவசரமாக நிறைவேறியது, அதற்கே ஈ-ஸ்போர்ட்ஸ் வேறு, பொழுதுபோக்குக்கு ஆடும் கேம் வேறு, காசு வைத்து ஆடுவது வேறு என்று தெரிகிறது. மூன்று மாதம் கூட்டம் போட்டுத் தயாரித்த நம் படிவத்துக்குத் தெரியவில்லை. ரம்மியில் கடன்பட்டுச் செத்த ஒரு மனிதரின் சாவைக் காட்டி, என் மகள் கட்டியடுக்கி விளையாடுவதைத் தடுப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை, அந்த மனிதருக்கும் அது மரியாதை இல்லை.

அப்புறம் சீனா. 'சீனாவிலேயே தடை' என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். 2021 முதல் அங்கே 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும் இரவு 8 முதல் 9 வரை ஆன்லைன் கேம் அனுமதி. ஆக சீன அரசாங்கமே வாரத்துக்கு மூன்று மணி நேரம் விட்டுக்கொடுத்திருக்கிறது, நம் கழகம் அதைவிடக் கறாராக இருக்கிறது. தென் கொரியா 2011-இல் 16 வயதுக்குக் கீழே நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை தடை கொண்டுவந்தது. பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்து வருடம் வைத்துப் பார்த்துவிட்டு 2021-இல் அந்த அரசே அதைக் கைவிட முடிவெடுத்தது. நம் ஊரில் பப்ஜியை 2020 செப்டம்பரில் தடை செய்தார்கள், அடுத்த ஜூலையில் அது வேறு பெயரில் திரும்பி வந்தது, இடைப்பட்ட காலத்தில் பையன்கள் திருக்குறள் மனப்பாடம் செய்ததாகத் தகவல் இல்லை.

எனக்குப் பயமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில்.

என் அண்ணன் மகன் ஒன்பதாவது படிக்கிறான். அவன் போனில் இருக்கும் ஒரு சுடும் விளையாட்டை, இலவசம், ஒருநாள் அவனிடமிருந்து வாங்கி நானே திறந்து பார்த்தேன். உடனே ஆட்டத்துக்குள் போக விடவில்லை. ஒரு ஜன்னல் திறந்தது: இன்று உள்ளே வந்ததற்குப் பரிசு, நாளையும் வந்தால் இதைவிடப் பெரிய பரிசு. அதை மூடினால் இன்னொன்று: ஒரு சட்டை, தீப்பிடித்து எரிவது மாதிரி மின்னுகிறது, கீழே நேரம் குறைந்துகொண்டே ஓடுகிறது, இன்று மட்டும்தான். மூடும் பெருக்கல் குறி எங்கே என்று மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுத் தேட வேண்டியிருந்தது. அடுத்தது ஒரு சக்கரம், சுற்றினால் எது வேண்டுமானாலும் விழலாம், முதல் சுற்று இலவசம். எல்லாவற்றையும் மூடிவிட்டு வந்தால் திரையின் ஓரங்களில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள், தொட்டால்தான் போகும். கடைக்குள் போனேன். அங்கே ரூபாய் கணக்கே இல்லை, எல்லாம் வைரக் கணக்கு. வைரத்தைத்தான் ரூபாய் கொடுத்து வாங்க வேண்டும். அவன் கேட்ட சட்டைக்கு வேண்டிய வைரம் எந்தப் பொட்டலத்திலும் சரியாக இல்லை, சின்னதை வாங்கினால் கொஞ்சம் குறைகிறது, பெரியதை வாங்கினால் கொஞ்சம் மிஞ்சுகிறது, மிஞ்சியதை வைத்து எதுவும் வாங்க முடியாது, ஆகவே மறுபடி வாங்கு. இருபது வருடமாகக் கணக்குப் பார்க்கிற எனக்கே ஒரு சட்டை எத்தனை ரூபாய் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது. பதினான்கு வயதுப் பையன் என்ன செய்வான்?

அத்தனையும் முடிந்து ஆட்டம் தொடங்கியதும், உண்மையைச் சொல்ல வேண்டும், ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஓடுவதும் ஒளிவதும் கூட்டாளியைக் கைதூக்கி எழுப்புவதும் அருமையாகச் செய்திருக்கிறார்கள். வாசலில் கடை போட்டிருப்பவன்தான் பிரச்சினை.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது சிம்மக்கல் பக்கம் ஒரு வீட்டின் முன்னறையில் டிவி கேம் கடை இருந்தது. பெண் பிள்ளைகள் போக மாட்டார்கள், அண்ணனுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு நான் போவேன். இரண்டு டிவி, வயர் பிய்ந்து இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாய்ஸ்டிக், மஞ்சள் நிறக் கேசட், மேலே 9999 ஆட்டம் என்று ஸ்டிக்கர், உள்ளே பார்த்தால் திரும்பத் திரும்ப அதே பத்துப் பதினைந்துதான். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதிப் போடுவோம். மேரியோ என்றால் எட்டு உலகம், உலகத்துக்கு நான்கு கட்டம், மொத்தம் 32, முடிந்தால் முடிந்தது. கான்ட்ரா எட்டு கட்டம். கடைக்கார அண்ணன் நோட்டில் நேரம் எழுதி வைத்திருப்பார், மணி ஆனதும் கடைசி வில்லனோடு போராடிக்கொண்டிருந்தாலும் சரி, ஸ்விட்சை அணைத்துவிடுவார். அவருக்கும் காசு வேண்டும்தான். ஆனால் அவர் விற்றது ஒரு மணி நேரம், அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு கடைசி இருந்தது.

இன்றைக்குப் பல போன் கேம்களுக்குக் கடைசியே கிடையாது. உலகங்களை முடித்துவிட்டுப் போய்விடும் பிள்ளையால் கேம் கம்பெனிகளுக்கு லாபமில்லை. நம் வீட்டுச் சண்டைகளில் பாதி, 'இதோ முடிச்சிட்டு வரேன்மா' என்று பிள்ளை சொல்வதும், முடிவே இல்லாத ஒன்றை அது முடிக்கும் என்று நாம் நம்புவதும்தான்.

ஆக ஒரு கேமைப் பற்றி நான் பார்ப்பது இவ்வளவுதான்: இது எப்படிக் காசு வாங்குகிறது, எங்கே முடிகிறது, இதில் என் மகளிடம் யார் பேசுகிறார்கள். முகம் தெரியாத அண்ணன்கள் மைக்கில் பேசும் ஆட்டங்களில் பெண் குரல் கேட்டால் என்ன பேசுகிறார்கள் என்று ஒரு ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் தெரியும். என் மகள் மைக்கை அணைத்துவிட்டு ஆண் பெயரில்தான் ஆடுகிறாள், அவள் வகுப்புப் பெண்கள் வேறு சிலரும் அப்படித்தான். இதைப் பற்றி உங்கள் சுற்றறிக்கையில் ஒரு வரி இல்லை. மகள்களே இல்லாத படிவத்தில் எப்படி இருக்கும்?

காசு சமாசாரம் கண்டுபிடிப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. பிளே ஸ்டோரில் அந்த கேமின் பக்கத்திலேயே உள்ளே வாங்கும் பொருட்கள் உண்டு என்றும், ஒரு பொருள் எத்தனை ரூபாயிலிருந்து எத்தனை ரூபாய் வரை என்றும் போட்டிருக்கும். வாங்கும்போது ஒவ்வொரு முறையும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பில் மாற்றி வைக்கலாம். யுபிஐ இருக்கும் போனைப் பிள்ளை கையில் கொடுக்காமல் இருக்கலாம். அப்பாவின் பின் நம்பர் அவர் பிறந்த வருடம்தான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அதையாவது மாற்றலாம்.

பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வெண்பா என்று ஒரு கேம் 2023-இல் வந்தது. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ் அம்மாவின் கதை. அவளுடைய அம்மா கொடுத்த சமையல் நோட்டு கிழிந்து, எழுத்து அழிந்து போயிருக்கும், விட்டுப்போனதை நாம் யூகித்துச் சமைக்க வேண்டும். அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருதில் சிறந்த அறிமுக கேம் விருது அதற்குத்தான். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். என் மகள் அதை டிவியில் போட்டு ஆடிக்கொண்டிருந்தாள், முதல் சமையல் இட்லி, தட்டுகளை அடுக்கும் இடத்தில் தப்புத் தப்பாக அடுக்கிக்கொண்டிருந்தாள். போன் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் என் மாமியார், வெங்காயம் உரித்துக்கொண்டு அந்தப் பக்கம் இருந்தவர், தாங்க முடியாமல் 'குழிக்கு நேரே குழி வெக்காதே பாப்பா, மாத்தி வை' என்றார். மாற்றி வைத்தாள், இட்லி வந்தது. அப்புறம் வெங்காயத் தட்டோடு அவரும் டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கதையில் மகன் அம்மாவிடம் தமிழில் பேசப் பிடிக்காமல் விலகிப் போகும் இடம் வந்தபோது, சிட்னியில் இருக்கும் என் கொழுந்தனாரின் பிள்ளைகளைப் பற்றி அத்தை ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் வெங்காயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் படிவப்படி அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் மூன்று பேர் விதிமீறல் செய்தோம்.

படிப்பு கெடுகிறது என்பீர்கள். கெடத்தான் செய்யும், அளவு மீறினால். என் வீட்டில் பள்ளி நாட்களில் வீட்டுப்பாடம் முடிந்த பிறகுதான், சாப்பாட்டு நேரத்தில் கிடையாது, படுக்கையறைக்குள் போன் போகாது. அவள் அழுவாள், கதவைச் சாத்துவாள், நான் திட்டுவேன். மற்ற வீடுகளைப் போலத்தான். அந்தச் சண்டையை நான் போட்டுக்கொள்கிறேன், அது என் வேலை. என் வீட்டுக் கூடத்துக்குள் பள்ளியின் நடவடிக்கை வர வேண்டாம்.

சரி, உங்கள் வேலை என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட் என்று டைம்டேபிளில் இருக்கிறது. என் மகளின் வகுப்புக்கு அது கணக்கு மிஸ்ஸுக்கு ஒன்று, சயின்ஸ் மிஸ்ஸுக்கு ஒன்று என்று போய்க்கொண்டிருக்கிறது, போர்ஷன் முடிக்க வேண்டுமாம். பத்தாம் வகுப்புக்குப் பி.டி. என்ற ஒன்று இருப்பதே அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. மைதானத்தில் பாதியில் ஸ்கூல் பஸ்கள் நிற்கின்றன, மீதியில் கூடைப்பந்துக் கம்பம் வளையமில்லாமல் நிற்கிறது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் கேட்டைப் பூட்டிவிடுகிறீர்கள். எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடினால் கார் கண்ணாடி உடையும் என்று விரட்டுகிறார்கள், அதில் ஒரு காருக்குச் சொந்தக்காரர் நம் கழகத்தில் இருக்கிறார். ஓட இடமில்லாத பிள்ளை போனில் ஓடுகிறது. அதையும் நிறுத்து என்று அதன் அப்பாவிடம் கையெழுத்து வாங்குகிறீர்கள்.

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் மகளின் டைரியில் வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதற்காக அவளை வகுப்பில் எதுவும் கேட்க வேண்டாம், கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள். இரண்டாம் சனிக்கிழமை கூட்டத்துக்கு வருவேன். உறுதிமொழிக்குப் பதிலாக அன்று பிள்ளைகளையும் கூப்பிட்டு, அவரவர் என்ன ஆடுகிறார்கள் என்று அவர்களையே போட்டுக் காட்டச் சொல்லலாம் என்பது என் யோசனை. ஆடிட்டோரியத்தில் புரொஜக்டர் இருக்கிறது, எச்டிஎம்ஐ வயர் நான் கொண்டுவருகிறேன். கடவுச்சொல் அமைப்பை மாற்றத் தெரியாத பெற்றோருக்கு அங்கேயே உட்கார்ந்து செய்து கொடுக்கவும் தயார், என் கணவரும் வருவார். நிகழ்ச்சி நிரலில் இதை இரண்டாவதாகப் போடுங்கள். முதலில் பஸ்களை வேறு எங்கே நிறுத்துவது என்று பேசி முடித்துவிடலாம்.